குட்டி போட வைத்தவர் பொறுப்பு: நாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் நடுவில் கடலோரத்தில் எங்கள் ஊர். வீட்டில் கன்னி என்கிற நாட்டு இன நாய்கள் வளர்க்கிறோம். பொட்டையோடு சேர்க்கக் கடுவன் (ஆண் நாய்) இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்கள், குட்டி விலைக்கு வேண்டும் என்கிறவர்கள், போட்ட குட்டிகளை என்ன செய்வதென்று தெரியாமல் பையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். மருந்து அளவெல்லாம் இதில் இருக்காது, அது கால்நடை டாக்டர் வேலை.

எங்கள் பொட்டை முதல் தடவையாகப் பருவத்துக்கு வந்திருக்கிறது. இப்போதே கடுவனோடு சேர்க்கலாமா?

வேண்டாம். பெரும்பாலான நாய்கள் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் முதல் பருவத்துக்கு வந்துவிடும். அப்போது அது இன்னும் வளர்ந்து முடியாத உடம்பு. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகள், 18 மாதம் ஆகாத பெண் நாயை ஈன வைக்கக் கூடாது என்கின்றன. வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேலும் கூடாது. ஐந்தே அதிகம் என்பது என் கணக்கு.

வயது சரியாக இருந்தாலும் கடுவனைத் தேடும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஒரு தாளை எடுத்து, பிறக்கப்போகும் குட்டிகள் போய்ச் சேரும் வீடுகளை எழுதுங்கள். ஆறு குட்டி, எட்டு குட்டி என்பதெல்லாம் சாதாரணம். "மாமா கேட்டார், வாடியில் ஒரு அண்ணன் கேட்டார்" என்று இரண்டு மூன்று பெயர் வேகமாக வரும். அப்புறம் பேனா நிற்கும். பேனா நின்ற இடத்துக்குக் கீழே உள்ள குட்டிகள் எல்லாம் உங்கள் வீட்டு நாய்கள். பத்து, பன்னிரண்டு வருடத்துக்கு அவற்றுக்குச் சோறு போட முடியும் என்றால் மேலே யோசிக்கலாம்.

நாங்கள் சேர்க்கவே இல்லை. தெருக் கடுவன் சேர்ந்துவிட்டது. இதற்கும் நாங்கள்தான் பொறுப்பா?

ஆமாம். பருவம் ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும். அந்த மூன்று வாரமும் கதவு யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி. குட்டி வேண்டாம் என்று தெரிந்திருந்தால் கருத்தடை ஆபரேஷன் செய்திருக்கலாம். இப்போதும் தாமதமில்லை, சினையின் ஆரம்பம் என்றால் டாக்டரிடம் போய்ப் பேசுங்கள். ஊரில் யாரோ சொன்ன மாத்திரையை மட்டும் கொடுக்காதீர்கள்.

சினை நாய்க்கு என்ன பார்க்க வேண்டும்?

சினைக்காலம் சுமார் 63 நாள். கடைசி மூன்று வாரத்தில் சாப்பாடு கூட வேண்டும், ஒரே தடவையாக இல்லாமல் பிரித்துப் பிரித்து. குடற்புழு நீக்கத்துக்கு டாக்டரிடம் கேளுங்கள். ஏனென்றால் உருண்டைப் புழுக்கள் தாயின் கருப்பையிலேயே குட்டிக்குப் போய்விடும்.

எங்கள் பக்கம் பெரிய விஷயம் தண்ணீர். குடம் குடமாகக் காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்குகிற ஊர்கள் இவை. மனிதருக்கே அளந்து ஊற்றும் வீட்டில் நாய்ச்சட்டியில் உப்புக் கிணற்றுத் தண்ணீர்தான் விழும். வயிற்றில் குட்டியோடு இருக்கும் நாய்க்கும், பால் கொடுக்கும் நாய்க்கும் அது சரிவராது. அந்த இரண்டு மூன்று மாதத்துக்கு நாய்க்கும் சேர்த்து ஒரு குடம் வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

மாதத்தையும் பாருங்கள். ராமநாதபுரத்துக்கு மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான். ஓலைக் கொட்டகையில் ஈரத் தரையில் பிறந்த குட்டிகள் தேறுவது கஷ்டம். சித்திரை, வைகாசி மணல் சூடும் ஆகாது.

ஈனும் நேரத்தில் எப்போது டாக்டரைக் கூப்பிடுவது?

ஈனுவதற்கு முந்தைய ஒரு நாளுக்குள் தாயின் உடல் சூடு 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும். சாப்பிடாது, தரையைப் பிறாண்டும், மூலை தேடும். அதுவரை பயமில்லை. அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வரவில்லை என்றாலோ, உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை என்றாலோ உடனே கூப்பிடுங்கள். நம்பரை அன்றைக்குத் தேடக் கூடாது. வாகனம் யாரிடம் என்பதையும் முன்பே பேசி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் கிராமங்களில் ஆட்டோ வராது.

பிறந்த குட்டிகளைத் தாயே பார்த்துக்கொள்ளாதா?

பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். நம் வேலை தாயைப் பார்த்துக்கொள்வது.

பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் மூத்திரமே போகும். கண் திறக்கப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும், காது அதற்கும் பிறகு. சீம்பால் முதல் நாளிலேயே கிடைத்தாக வேண்டும், நோய் எதிர்ப்பு அதில்தான் வருகிறது. கூட்டத்தில் எப்போதும் ஒரு நோஞ்சான் குட்டி இருக்கும். மற்றவை முட்டித் தள்ளிவிட்டுப் பின்காம்பைப் பிடித்துக்கொள்ளும், இது முன்காம்பில் பால் வராமல் சப்பிக்கொண்டிருக்கும். அதை எடுத்துப் பின்காம்பில் விடுங்கள். விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார வேண்டும். அடுத்த வேளையும் இதே வேலைதான்.

பால் கொடுக்கும் நாய் திடீரென்று நடுங்கி, கால் விறைத்து, மூச்சு வாங்கினால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். பெரும்பாலும் ஈன்ற முதல் நாலு வாரத்துக்குள் வரும். "காற்றுப் பட்டுவிட்டது" என்று திருநீறு போட்டுக் காத்திருக்க நேரமில்லை. உடனே ஊசி போட்டால் பிழைக்கும், இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் போய்விடும்.

கடற்கரையில் மீன் கழிவு இருக்கிறதே, அதைத் தின்று வளராதா?

இந்தக் கேள்வியை உள்ளூர்க்காரர்கள்தான் கேட்பார்கள்.

வலையிலிருந்து கழித்துப் போடும் மீன்களில் பேத்தை இருக்கும். தொட்டால் பந்து மாதிரி உப்பும் மீன். கடலில் போகிற யாருக்கும் தெரியும், அதைச் சமைக்க மாட்டோம், விஷம். குட்டிக்கு அது தெரியாது. தலையும் குடலுமாக வீசுகிற கழிவில் தூண்டில் முள்ளும் கிடக்கும். தொண்டையில் மாட்டினால் ஆபரேஷன்தான்.

இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விசைப்படகு மீன் வந்து குவிகிற பாம்பன், மண்டபம் போன்ற இடங்களில் அந்த இரண்டு மாதம் கழிவு மிகக் குறைவு. அதுவரை கரையை நம்பிப் பெருகிய நாய்கள் அப்போது ஊருக்குள் வருகின்றன, கோழிக் கூண்டுக்கும் ஆட்டுக் கிடைக்கும் போகின்றன. பிறகு "நாய்த் தொல்லை" என்று நாமே மனு கொடுக்கிறோம். அந்த நாய்களின் பாட்டி எந்த வீட்டுத் திண்ணையில் ஈன்றது என்று யாரும் கேட்பதில்லை.

பொட்டைக்குட்டிகளை யாரும் வாங்குவதில்லை. கடற்கரையில் விட்டால் பிழைத்துக்கொள்ளாதா? மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்ற மாட்டானா?

இந்தப் பழமொழியைக் கையில் சாக்குப் பையோடு நின்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான், சரி. வைத்தது யார்? கடுவனைத் தேடி வண்டி பிடித்துப் போனது நீங்கள். அல்லது கதவைத் திறந்து போட்டது நீங்கள். ஊற்ற வேண்டியவர் வெளியூர் போய்விட்டது போல ஏன் வானத்தைப் பார்க்கிறீர்கள்? அந்தப் பழமொழி கடவுளைக் காட்டுவது எனக்கும் தெரியும். ஆனால் இந்தக் குட்டி விஷயத்தில் அது சுற்றிச் சுற்றி உங்கள் வாசலுக்குத்தான் வருகிறது.

பிழைத்துக்கொள்ளுமா என்றால், பெரும்பாலானவை பிழைக்காது. ஐந்து வாரக் குட்டிக்குப் பருந்து போதும், ஒரு மழை போதும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வண்டி போதும். தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் ரத்தமாகப் போய் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும்.

பிழைக்கிற ஒன்றிரண்டின் கதையையும் சொல்ல வேண்டும். டிசம்பருக்குப் பிறகு சித்தாமை என்கிற ஆலிவ் ரிட்லி ஆமைகள் நம் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறைக்காரர்கள் விடியற்காலையில் மணலில் தடம் பார்த்து நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதற்கு நாய்களும் ஒரு காரணம். குழியைத் தோண்டிவிடும். உள்நாட்டில் ஆட்டுக் கிடை போட்டிருக்கும் கீதாரிகளுக்கும் இதே கஷ்டம், பசித்த நாய்க் கூட்டம் கிடையில் புகுந்தால் குட்டி ஆடுகள் மிஞ்சாது. நஷ்டம் கீதாரிக்கு. பழி நாய்க்கு. சாக்குப் பைக்காரர் பெயர் எங்கும் வராது.

தனுஷ்கோடியில் விட்டால் சுற்றுலா வருகிறவர்கள் பிஸ்கட் போடுவார்களாம். பகலில் போடுவார்கள். பொழுது சாய்ந்தால் வண்டிகள் எல்லாம் ராமேஸ்வரத்துக்குத் திரும்பிவிடும். தீவுகளில் விடலாமே என்று கேட்டவரும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே நாயை இறக்குவது தனிக் குற்றம்.

பொட்டைக்கு ஆபரேஷன் செய்து கொடுக்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். வாங்க மறுத்தவர்களில் சிலர் மனம் மாறுவார்கள். அவர்கள் பயந்தது பொட்டையைக் கண்டல்ல, அடுத்த ஈத்தைக் கண்டு.

குட்டி ஒன்றுக்குக் காது கேட்கவில்லை. என்ன செய்வது?

வெள்ளை நாய்களில் இது அதிகம். ராஜபாளையம் இன நாய்களில் பிறவிச் செவிடு வருவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், நிறமற்ற தோலோடு சேர்ந்து வருகிறது. நெருங்கிய ரத்தத்தில் திரும்பத் திரும்பச் சேர்த்தால் இன்னும் கூடும். அண்ணன் தங்கை, அப்பன் மகள் என்று சேர்த்து "சுத்த ரத்தம்" என்று விலை சொல்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

ஐந்து ஆறு வாரத்தில் பார்த்துவிடலாம். குட்டி அசந்து தூங்கும்போது பின்னால் நின்று தட்டைத் தட்டுங்கள். தரையில் தட்டினால் அதிர்வில் எழுந்துவிடும், காற்றில் தட்ட வேண்டும். மற்றவை எல்லாம் துள்ளி எழும்ப, ஒன்று மட்டும் வயிறு ஏறி இறங்கத் தூங்கிக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று நாள் திரும்பப் பாருங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள்.

இனி அதை என்ன செய்வது என்பதுதான் உங்கள் கேள்வி. சிலர் சொல்லாமல் விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் "கூப்பிட்டால் வருவதில்லை, திமிர்" என்று அடிப்பார். பின்னால் வருவது தெரியாததால் தொட்டவுடன் திரும்பிக் கடிக்கும். கடிக்கிற நாய் என்று பெயர் வந்ததும் அவிழ்த்து விடுவார். அவ்வளவும் ஒரு வரியை மறைத்ததால். கைச் சைகைக்குப் பழக்கினால் செவிட்டு நாய் நன்றாகவே வாழும். கயிறோ சுற்றுச் சுவரோ வேண்டும், சாலையோரத்து வீடு ஆகாது. இதையெல்லாம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ள ஒருவர் வந்தால் காசு வாங்காமல் கொடுங்கள். வராவிட்டால் அது உங்களோடு இருக்கும். ஒரு உயிர் குறையோடு பிறந்ததற்கு அதன் மேல் குற்றமில்லை, ஜோடி சேர்த்தது நாம். தாயையும் தகப்பனையும் அதற்குப் பிறகு ஈன வைக்காதீர்கள்.

எத்தனை நாளில் குட்டியைக் கொடுக்கலாம்?

எட்டு வாரம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கடிக்கும் பலம் எவ்வளவு, எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கற்றுக்கொள்வது இந்த நாட்களில்தான். நாலு வாரத்தில் பிரித்த குட்டி பின்னால் ஆளைக் கடிப்பதை ஆச்சரியமாகச் சொல்வார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து குழந்தைகள், மோட்டார் பைக் சத்தம், ஆடு, கோழி எல்லாம் அதன் கண்ணிலும் காதிலும் படட்டும்.

இரண்டாவது வாரம் தொடங்கிப் புழு மருந்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. முதல் இரண்டும் கொடுப்பவர் செலவு. வெறிநோய் ஊசியை வாங்கியவர் போட்டாரா என்று கேட்பதும் கொடுத்தவர் வேலை. குட்டிதானே என்று பல் பட்டதை விட்டுவிடாதீர்கள், குட்டிக்கும் வெறி வரும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காசு வாங்கிக் கொடுத்தாயிற்று. அதற்கு மேலும் நமக்கு என்ன?

இங்கேதான் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். மாட்டை விற்றால், படகை விற்றால் முடிந்தது. நாய்க்குட்டி மட்டும் ஏன் முடியாது என்கிறார்கள்.

மாடு விற்றவர் எதற்கும் பொறுப்பில்லை என்று நான் சொல்லவில்லை, அது வேறு வழக்கு. குட்டியைப் பொறுத்தவரை, அது பிறக்க வேண்டிய அவசியம் அதற்கு இருக்கவில்லை, உங்களுக்கு இருந்தது. பணமோ, பெருமையோ, "நம்ம பொட்டையின் வம்சம் ஒன்று வேண்டும்" என்ற ஆசையோ. பிறந்ததில் அதன் சம்மதம் இல்லை, விற்றதிலும் இல்லை. வாங்கியவர் துபாய்க்கு வேலைக்குப் போய்விடலாம், கல்யாணம் ஆகி வந்த மனைவி நாய் வேண்டாம் எனலாம், வாடகை வீட்டுக்காரர் விரட்டலாம். இதில் எதுவும் நாயின் தப்பு இல்லை. அப்போது அது போய் நிற்க ஒரு வாசல் இருக்க வேண்டும், அது உங்கள் வாசல்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரே நிபந்தனை. எந்த வயதில், எந்த நிலையில் வேண்டாம் என்றாலும் எங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கைமாற்றக் கூடாது, அவிழ்த்து விடக் கூடாது. பணம் திரும்பக் கிடைக்காது, திட்டும் கிடைக்காது. திட்டினால் அடுத்தவர் ராத்திரியில் கடற்கரைக்குப் போய்விடுவார். ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறோம். கோர்ட்டுக்குப் போக இல்லை. எழுதிய விஷயம் நினைவிருக்கும், அவ்வளவுதான்.

முதல் வாரம் போன் செய்வேன், மழைக்காலத்தில் ஒரு தடவை, அப்புறம் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். "பொண்ணு கொடுத்த வீடு மாதிரி வர்றீங்களே" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். கேலி செய்கிறவர்கள் வீட்டில் நாய் நன்றாக இருக்கும்.

முயல் பிடிக்க ஒரு குட்டி வேண்டும் என்று கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். நாய்க்கு ஓட ஆசை இருக்கிறது என்றால் விடியற்காலையில் மணலில் கூடவே ஓடுங்கள்.

குட்டிகளை விட்டுவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், தகுந்த காரணம் இல்லாமல் பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில் தொடங்கி 50 ரூபாய் வரை. ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். விஷம் வைத்தோ அடித்தோ கொன்றால் கதை வேறு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. ஆக, கொன்றால் ஜெயில், சாகட்டும் என்று விட்டுவிட்டு வந்தால் ஐம்பது ரூபாய். சட்டத்துக்குப் பயந்து யாரும் குட்டியை வைத்துக்கொள்ளப் போவதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஆபரேஷன் செய்வது பாவம் இல்லையா? ஒரு தடவையாவது ஈனட்டுமே?

ஒரு ஈத்து கண்டால் நாய்க்கு ஆரோக்கியம் என்பது வெறும் பேச்சு. ஈனாமலே ஆபரேஷன் செய்த நாய்களுக்குக் கருப்பையில் சீழ் வைக்கும் நோய் வராது, மடியில் கட்டி வருவதும் குறைவு. பைரவர் வாகனம் என்று கும்பிட்டுவிட்டு அதன் குட்டிகளைச் சாக்கில் கட்டுவதுதான் எனக்குப் பாவமாகத் தெரிகிறது.

உங்களிடம் இப்போது குட்டி கிடைக்குமா?

இல்லை. இந்த வருடம் ஈத்து வேண்டாம் என்று விட்டுவிட்டோம், இருப்பவற்றுக்கே இடம் போதவில்லை. திரும்பி வந்த கடுவன் ஒன்று இருக்கிறது. நாலு வயது, கறுப்பு, ஆபரேஷனும் எல்லா ஊசியும் ஆகிவிட்டது. முன்பிருந்த வீட்டில் சங்கிலியிலேயே கிடந்ததால் குடையைக் கண்டால் குரைக்கும், கோழியை விடாது. குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும். சுற்றுச் சுவர் உள்ள, கோழி இல்லாத வீடாக இருந்தால் ஒரு தடவை வந்து அதோடு இருந்து பாருங்கள். முதல் நாளே கொடுத்துவிட மாட்டேன், காசும் வேண்டாம். தாளில் கையெழுத்து மட்டும் வேண்டும்.